‘இது தெரிந்த விஷயம்தானே?’: அன்றாடப் பிரச்சினைகளைச் சமூகவியல் பார்க்கும் விதம்

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடம் மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவுகளில் மூன்று இவை என்று வைத்துக்கொள்வோம். அதிகம் படித்த வீரர்களுக்கு, குறைவாகப் படித்தவர்களைவிட மனச்சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துப் பையன்களைவிடப் படைவாழ்க்கையில் உற்சாகமாக இருந்தார்கள். வெயில் அதிகமான தென்மாநிலங்களைச் சேர்ந்தவர்கள், வடக்கே இருந்து வந்தவர்களைவிடப் பசிபிக் தீவுகளின் வெக்கையை நன்றாகத் தாங்கினார்கள்.

படித்ததும் ‘இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வா?’ என்று தோன்றுகிறது அல்லவா? காரணங்கள்கூடக் கூப்பிடாமலே வந்து நிற்கும். படித்தவன் அதிகம் யோசிப்பான், மனசு குழம்பும். கிராமத்துப் பிள்ளைக்குக் கஷ்டம் பழக்கம். வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் பெரிதா என்ன?

மூன்றுமே தவறு. மனச்சிக்கல்கள் அதிகமாக இருந்தது குறைவாகப் படித்தவர்களிடம். உற்சாகத்தில் கிராமத்தார் முந்தவில்லை. வெக்கையைத் தாங்குவதில் தெற்கத்தியர்களுக்கு எந்தக் கூடுதல் திறமையும் தெரியவில்லை. 1949இல் எழுதிய ஒரு மதிப்புரையில் இந்த விளையாட்டை ஆடிக்காட்டியவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர். உண்மையான முடிவுகளை முதலிலேயே சொல்லியிருந்தால், அவற்றையும் ‘தெரிந்ததுதானே’ என்றுதான் ஒதுக்கியிருப்போம் என்பது அவர் வைத்த குட்டு.

நம் பொதுப்புத்தி எதற்கும் காரணம் சொல்லிவிடும். ஒன்றுக்கும் சொல்லும், அதன் நேர்மாறுக்கும் சொல்லும். அதனால்தான் பக்கத்து வீட்டுச் சண்டை, வேலையில்லாமல் இருக்கும் மகன், தனியாகக் கிடக்கும் முதியவர் என்று எதைப் பற்றிப் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் யாரோ ஒருவரின் குணத்தின் மேல்தான் போய் விழுகிறது. சமூகவியல் ஆய்வு அந்த ஐந்து நிமிடத் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. ‘யார் மேல் தப்பு?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘இது யாருக்கெல்லாம் நடக்கிறது, யாருக்கு நடக்கவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்?’ என்று கேட்கிறது. எண்ணுவது, ஒப்பிடுவது, நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால் வருபவை.

சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் இதற்கு ஒரு கணக்கைச் சொன்னார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அது அவருடைய சொந்தப் பிரச்சினை. அவருடைய குணம், திறமை, வாய்ப்பு என்று தேடலாம். 5 கோடித் தொழிலாளர்கள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால்? ஒன்றரைக் கோடிப் பேரும் ஒரே நேரத்தில் சோம்பேறி ஆகியிருக்க முடியாது. வாய்ப்புகளின் அமைப்பே எங்கோ உடைந்திருக்கிறது. திருமண முறிவுக்கும் இதே கணக்கைத்தான் அவர் போட்டார்.

வேலை போன ஊரில் நேரம் என்ன ஆகிறது?

வேலையின்மை பற்றியே பார்ப்போம், அதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வியன்னாவுக்கு அருகில் மரியென்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்தது. 1929-30இல் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி வீடுகளில் ஒருவருக்கும் நிலையான வேலை இல்லாமல் போயிற்று. மரீ யஹோடா, ஹான்ஸ் ஸைசல், மேலே பார்த்த அதே லாசர்ஸ்ஃபெல்ட் ஆகியோரின் குழு அங்கே போய் ஆராய்ந்தது. முடிவுகள் 1933இல் வெளிவந்தன.

வேலை போனால் கோபம் பொங்கும், மக்கள் தெருவில் இறங்குவார்கள் என்பது அந்தக் காலத்தில் பலருடைய எதிர்பார்ப்பு. ஓய்வு நேரம் கூடினால் படிப்பார்கள், சங்க வேலைகளில் ஈடுபடுவார்கள் என்றும் நினைக்கலாம். ஆய்வாளர்கள் ஊர் நூலகத்தின் கணக்கைப் புரட்டினார்கள். 1929க்கும் 1931க்கும் இடையில் மக்கள் எடுத்துச் சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முன்பு வாங்கிய சிறு கட்டணத்தையும் நூலகம் நீக்கியிருந்தது, அப்படியும் இந்த நிலை. கையில் நேரம் கொட்டிக் கிடந்தது, படிக்க மனம் இல்லை.

அப்புறம் அவர்கள் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் பேசப்படுகிறது. யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துகொண்டு, ஊரின் முக்கியத் தெருவில் மக்கள் நடப்பதை எண்ணினார்கள். நடையின் வேகம் என்ன, வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது 2 முறையாவது நின்றார்கள். பெண்களில் அப்படி நின்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான், நடையும் அவர்களுடையதே வேகம். ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே வறுமை. ஆனால் ஆலை மூடினாலும் சமையலும் துவைப்பதும் பிள்ளைகளும் மூடுவதில்லை. பெண்களுக்குச் சம்பளம்தான் நின்றது, வேலை நிற்கவில்லை. ஆண்களுக்கு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த சங்கொலியே இல்லாமல் போய்விட்டது.

வேலை தேடாமல் சும்மா சுற்றுகிறான் என்று திட்டும்போது, சும்மா இருப்பதால் வேலை கிடைக்கவில்லை என்று நாம் காரணத்தை ஒரு திசையில் அடுக்குகிறோம். மரியென்தால் அதைத் திருப்பிப் போடுகிறது. முதலில் வேலை போனது, அந்த அசதி பிறகு வந்தது. நோக்கமற்ற அந்த நடையை ஆலை மூடிய பிறகு மட்டும் பார்த்த ஒருவர், ‘இந்த ஊர் ஆண்களே இப்படித்தான்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

வீட்டு வேலை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘என் வீட்டுக்காரர் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை’ என்ற புலம்பல் உலகம் முழுவதும் கேட்பது. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சம்பள வேலை, வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு மூன்றையும் கூட்டினால் அமெரிக்க மனைவிகள் கணவர்களைவிட ஆண்டுக்கு ஒரு மாதம் அதிகமாக உழைக்கிறார்கள் என்று கணக்கிட்டார். மாதம் என்றால் நாளுக்கு 24 மணி நேரம் வைத்து ஒரு முழு மாதம். அதைவிட எனக்கு மறக்காதது அவர் பார்த்த ஒரு வீடு. அந்தத் தம்பதி வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதாகவே நம்பினார்கள்: மாடி மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. மாடியில் சமையலறை, படுக்கையறைகள், குளியலறைகள் எல்லாம் இருந்தன. கீழே இருந்தது கார் நிறுத்தும் இடமும் கணவரின் பட்டறை மேசையும். கூடவே நாயும் அவர் பொறுப்பு. சண்டையை முடித்துவைக்க இருவரும் சேர்ந்து கட்டிக்கொண்ட கதை அது. கேள்வித்தாளில் ‘வேலையைச் சமமாகப் பகிர்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தால் இருவருமே ஆமாம் என்றுதான் டிக் அடித்திருப்பார்கள்.

வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான், சாவு?

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் கடும் வெப்ப அலை அடித்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பிணவறையில் இடம் போதாமல் வெளியே குளிர்சாதன லாரிகளை நிறுத்தினார்கள். இயற்கைச் சீற்றம் என்றார்கள் சிலர். தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளாதவர்கள்தான் இறந்தார்கள் என்று பழியை இறந்தவர்கள் தலையிலேயே வைத்தார் ஓர் அதிகாரி.

மருத்துவ ஆய்வாளர்கள் தனிநபர்களை ஒப்பிட்டார்கள். தனியாக வசிப்பவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், குளிர்சாதனம் இல்லாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். சரி, இது எதிர்பார்த்ததுதான். எரிக் க்ளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் கேட்டது வேறு. நகரத்தின் வரைபடத்தை விரித்தால் சாவு ஒரே சீராகப் பரவவில்லையே, ஏன்?

வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று இரண்டு பகுதிகள். அடுத்தடுத்து இருப்பவை, வெயிலும் ஒன்றுதான். ஏழை முதியவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தார்கள். ஆனால் வெப்பத்தால் இறந்தவர்கள் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர், தெற்கில் 4 பேர். பத்து மடங்கு.

வடக்கு லான்டேலில் பெரும்பாலும் கறுப்பின மக்கள், தெற்கில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். உடனே ஒரு பதில் தயாராக வரும்: ‘அவர்களுடைய கலாச்சாரத்தில் பெரியவர்களைக் கவனித்துக்கொள்வார்கள்.’ க்ளினன்பெர்க் அங்கே நின்றுவிடவில்லை. கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பின மக்களே வாழும் வேறு இரண்டு பகுதிகளை எடுத்தார். எங்கிள்வுட்டில் லட்சத்துக்கு 33 பேர் இறந்திருந்தார்கள், ஆபர்ன் கிரெஷமில் 3 பேர். இனமும் கலாச்சாரமும்தான் காரணம் என்றால் இந்த இரண்டும் ஒன்றுபோல அல்லவா இருந்திருக்க வேண்டும்?

தெருக்களில் நடந்து, மக்களோடு பேசி அவர் கண்டது இது. வடக்கு லான்டேலில் ஆலைகள் போய், கடைகள் போய், மக்களில் பாதிக்கு மேல் போய், காலி மனைகளும் பாழடைந்த கட்டடங்களும் மிஞ்சியிருந்தன. தெருமுனைகளில் போதைப்பொருள் வியாபாரம். முதியவர் வெளியே வருவதற்கு ஒரு காரணமும் இல்லை, பயம் மட்டும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள், அந்த வெயிலிலும். தெற்கு லான்டேலின் நடைபாதைகளில் எப்போதும் ஆள் நடமாட்டம், பக்கத்திலேயே கடைகள். தனியாக வாழ்ந்த முதியவரும் தினமும் கீழே இறங்கினார். குளிர்ந்த கடைக்குள் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் கவனிக்க ஆள் இருந்தது.

இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. தனியாக வாழ்ந்த முதியவர்களில் பெண்களே அதிகம், ஆனாலும் அவர்களைவிட ஆண்களே அதிகமாகச் சிக்கி இறந்தார்கள். வயதான காலத்தில் உறவையும் நட்பையும் தக்கவைத்துக்கொள்வதில் ஆண்கள் பின்தங்கியிருந்தார்கள் என்பது அவருடைய விளக்கம்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 2006இல் மிட்செல் டுனியர் என்ற இன்னொரு சமூகவியலாளர் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஒரு பகுதியைப் பற்றிய எண்ணை வைத்துக்கொண்டு, அங்கே இறந்த ஒவ்வொருவரும் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டதால்தான் இறந்தார் என்று எப்படிச் சொல்வது? இறந்தவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று அவர்களுடைய வீடுகளைத் தேடிப்போய் விசாரித்தார் அவர். அதே ஆண்டு வேறொரு குழு, சிகாகோ முழுவதையும் புள்ளிவிவரமாக எடுத்து ஆராய்ந்து, கடைத்தெரு நசிந்த பகுதிகளில் சாவு கூடுதலாக இருந்தது என்று க்ளினன்பெர்க்குக்கு ஓரளவு துணைநிற்கும் முடிவைத் தந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கும் இந்த இடக்குதான் ஆய்வுக்கும் அபிப்பிராயத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பேன்.

டுனியர் சுட்டிய ஆபத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ராபின்சன் 1950இல் காட்டியது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? தனி ஆட்களாக எடுத்துப் பார்த்தால் நேர்மாறு: உள்நாட்டில் பிறந்தவர்களைவிட அவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு. ஏற்கெனவே எழுத்தறிவு உயர்ந்திருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறினார்கள், அவ்வளவுதான்.

கேட்டால் சொல்லமாட்டார்கள்

பாகுபாட்டை ஆராய்வது இன்னும் தந்திரமான வேலை. ‘நீங்கள் பாகுபாடு காட்டுவீர்களா?’ என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? ஆனால் இதிலும் பொதுப்புத்தி ஒருமுறை வழுக்கி விழுந்தது. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர்கள்மேல் வெறுப்பு வெளிப்படையாகவே இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார்கள், ஒரே ஓர் இடத்தில்தான் அனுமதி மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு, ‘சீனர்களை அனுமதிப்பீர்களா?’ என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். சொன்னது மோசம், செய்தது பரவாயில்லை! கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்றவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டால் லாபியரிடம் பதில் கிடையாது. அது நியாயமான குறைதான்.

தேவா பேஜர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கம். மில்வாக்கி நகரத்தில் 350 வேலைகளுக்கு, நடிப்பதற்கென்று பயிற்சி கொடுத்த இளைஞர்களை விண்ணப்பிக்க அனுப்பினார். வெள்ளையர் இருவர் ஒரு ஜோடி, கறுப்பினத்தவர் இருவர் ஒரு ஜோடி. படிப்பும் அனுபவமும் ஒன்றுபோலவே இருக்கும்படி அமைத்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மட்டும் முன்பு சிறை சென்றவர் என்று காட்டிக்கொண்டார். யார் அந்த வேடத்தைப் போடுவது என்பதை மாற்றி மாற்றி வைத்தார்கள். மறுபடி அழைப்பு வந்தது இப்படி: சிறை செல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம், சிறை சென்ற வெள்ளையருக்கு 17, சிறைப்பக்கமே போகாத கறுப்பினத்தவருக்கு 14, சிறை சென்ற கறுப்பினத்தவருக்கு 5. நடுவில் உள்ள இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள்.

பேஜர் அதோடு விடவில்லை. அதே முதலாளிகளிடம் பின்னர் தொலைபேசியில் கருத்துக்கணிப்பு எடுத்தபோது, சிறை சென்றவரை வேலைக்கு எடுக்கத் தயார் என்று சொன்னவர்களுக்கும் சொல்லாதவர்களுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. தனிப்பட்ட விண்ணப்பதாரர் ஒருவரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அழைப்பு வரவில்லை என்பது மட்டும்தான். ‘நம்மிடம் ஏதோ குறை’ என்று அவர் நினைத்துக்கொள்வார். வேண்டுமென்றே இரட்டையாக அமைத்து அனுப்பியதால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

செய்தியில் ‘ஆய்வு சொல்கிறது’ என்று வந்தால்

எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பது முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓர் இதழ், திரும்பிவந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளை எண்ணி லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகளை எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பச் சிலர் மட்டுமே மெனக்கெட்டதும்தான் குழப்பத்துக்குக் காரணம்.

இரண்டாவது, நல்ல கதையைக் கண்டால் ஜாக்கிரதை. 1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் கொலையானபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள் என்று செய்தி வந்தது. நகரத்து மனிதர்களின் கல்நெஞ்சுக்கு அதுவே சாட்சியாகிப் பாடப்புத்தகம் வரை போயிற்று. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தியது என்று பிற்பாடு தெரிந்தது. 2019இல் பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஓர் ஆய்வுக் குழு உட்கார்ந்து பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே புகுந்திருந்தார்.

கடைசியாக, நீங்களே முயன்று பார்க்க ஒன்று. ‘இப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனிதர்கள் மாறிவிட்டார்கள், தன்னலம் பெருகிவிட்டது என்று தீர்ப்பும் தயார். டொனால்ட் ஆப்பிள்யார்ட் சமூகவியலாளர்கூடக் கிடையாது, நகர வடிவமைப்பாளர். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சான்ஃபிரான்சிஸ்கோவில் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்த மூன்று தெருக்களை எடுத்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் நாளுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் ஓடின, ஒன்றில் 8,000, மற்றதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் வாழ்ந்தவருக்கு அந்தத் தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகம். ‘இது என் இடம்’ என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் முதல் தெருவினர் தெரு முழுவதையும் வளைத்து வரைந்தார்கள், வண்டி நிறைந்த தெருவினர் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கேயே ‘ஆஹா, வண்டிகள்தான் காரணம்’ என்று எழுந்துவிடக் கூடாது. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அமைதியான தெருவில்தான் அதிகம் இருந்தன. சத்தமான தெருவில் பிள்ளைகள் இல்லாத வாடகைதாரர்களே அதிகம். பிள்ளைகள் வழியாகத்தான் பெரியவர்கள் பழகுகிறார்கள் என்றால் வித்தியாசத்தில் ஒரு பங்கு அதற்கும் போகும். சத்தம் நட்பைக் கெடுத்ததா, பழக விரும்பியவர்கள் முன்கூட்டியே வேறு தெருவுக்குப் போய்விட்டார்களா? பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், வண்டிகள் பெருகுவதற்கு முன்பு ஒருமுறை, பெருகிய பிறகு ஒருமுறை, அதே தெருவில் அதே கதவுகளைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். இடையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களையும் தேடிப் பிடித்து.